அம்மாவின் கணக்கு வழக்குக்கு மாதச் சம்பளத்தில் ஒருவர்: இரண்டு ஆண்டு அனுபவம்

திருச்சி பொன்மலையில் அம்மா தனியாக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் காலமானபின் குடும்ப ஓய்வூதியமும் டெபாசிட் வட்டியும் வருகின்றன. பணத்துக்குக் குறையில்லை, அதைக் கவனிக்கத்தான் ஆளில்லை. நானோ ஹைதராபாத்தில். கரண்ட் பில், வீட்டு வரி, தபால் அலுவலகச் சேமிப்பு என்று ஒவ்வொன்றாகத் தேதி தவற ஆரம்பித்ததும், தெரிந்தவர்கள் வழியாக ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரை அமர்த்தினோம். மாதம் 2,500 ரூபாய். முதல் நாளே, "பணத்தை எங்கே போடலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள், அதற்குப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சே எனக்கு நம்பிக்கை தந்தது.

மாதம் இருமுறை வருவார். வந்த தபால்களை அம்மா எதிரிலேயே பிரித்து, கட்ட வேண்டியவை, பதில் போட வேண்டியவை, கிழிக்க வேண்டியவை என்று பிரிப்பார். பாஸ்புக்கில் உள்ள வரவையும் செலவையும் நீளமான கணக்கு நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிப்பார். "அம்மா, இந்த 1,840 எதற்குப் போனது, ஞாபகம் இருக்கா?" என்பார். அம்மா யோசித்துச் சொல்வார். காசோலையை அவர் எழுதுவார். தொகையை அம்மா வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஏடிஎம் கார்டு, பின் நம்பர், ஓடிபி எதுவும் அவர் கைக்குப் போகாது. வெற்றுக் காசோலையில் கையெழுத்து என்ற பேச்சே கிடையாது. அன்றைய பக்கத்தின் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கட்டுப்பாடு வேண்டும். அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவருடைய அருமை தெரிந்தது ஒரு டெபாசிட் முதிர்ந்தபோது. வங்கியிலிருந்து வந்த பையன், "அதே எஃப்டிதான்மா, வட்டி மட்டும் கொஞ்சம் கூட" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறான். சில நாள் கழித்துக் கூரியரில் தடித்த கவர் வந்தது. சார் பிரித்துப் பார்த்தால் யூலிப், அதாவது சந்தை முதலீட்டோடு சேர்ந்த காப்பீட்டுப் பாலிசி. ஆயுள் காப்பீடு என் மகன் பெயரில், ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டியவர் அம்மா! பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. அன்றே கடிதம் எழுதினார், அம்மா கையெழுத்துப் போட்டார், நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கி வந்தார். முத்திரைக் கட்டணம் மாதிரியான சிறு பிடித்தம் போகப் பணம் கணக்குக்குத் திரும்பியது. கவர் பிரிக்காமல் அலமாரியில் கிடந்திருந்தால் பல லட்சம் ஐந்து ஆண்டுக்கு முடங்கியிருக்கும். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை இனி யாரும் கணக்குப் பார்த்துப் பேச வேண்டாம் என்று அன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

ஓய்வூதியம் நிற்காமலிருக்க ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்ச்சான்றிதழும் அப்படித்தான். எண்பது வயது ஆனவர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மாவின் ரேகை கருவியில் பதியவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்கள். முகத்தைப் படம்பிடித்துப் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார். பிறகு அம்மா மணிக்கட்டை முறித்துக்கொண்ட சமயத்தில், கைரேகை வைத்தும் பணம் எடுக்கலாம், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லி மேலாளரிடம் பேசியதும் அவர்தான். எழுபது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே சேவை தர வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. கவுண்டரில் கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் அது கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. மகளைப் பார்க்க அவர் அமெரிக்கா போன மாதங்களில் மாற்று ஆள் இல்லை. எல்லாம் என் தலையில். ஆன்லைன் வேலை அவருக்கு ஒத்துவராது. இந்த வேலைக்கென்று நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. ஆளை விசாரித்து வைப்பது நம் பொறுப்பு. முன்பு அவரை வைத்திருந்த இரண்டு குடும்பங்களிடம் பேசியபின்தான் நாங்கள் சம்மதித்தோம்.

அம்மாவுக்கு ஞாபகம் தெளிவாக இருப்பதால் இந்த ஏற்பாடு ஓடுகிறது. மறதி நோய் வந்துவிட்டால் இது போதாது. பவர் பத்திரம் எழுதி வைத்தால் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதனால் ஓய்வூதியக் கணக்கைத் தவிர மற்ற கணக்குகளில் என் பெயரையும் சேர்த்து, இருவரில் எவர் வேண்டுமானாலும் இயக்கும்படி மாற்றிக்கொண்டோம். தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

வரும் ஏப்ரலிலிருந்து 3,000 கேட்டிருக்கிறார். கொடுக்கப்போகிறோம். அவர் ஊரில் இல்லாத மாதங்களுக்கு, அவரோடு முன்பு வேலை பார்த்த ஒரு அம்மையாரை இப்போதே அழைத்துவந்து அம்மாவிடம் பழக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.