வேளச்சேரி லேடீஸ் ஹாஸ்டல்: பாதுகாப்புக்கு நம்பலாம், கேட் விஷயத்தைப் பேசிவிட்டுச் சேருங்கள்

மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். தங்கியிருப்பது வேளச்சேரி பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில். பெயர் போடவில்லை, இந்தப் பக்கம் பல ஹாஸ்டல்கள் இதே மாதிரிதான் நடக்கின்றன. மூன்று பேர் அறை, சாப்பாட்டோடு 7,500 ரூபாய். அறை சுத்தம், தண்ணீர் கஷ்டம் இல்லை. சாப்பாடு சுமார்.

கேட்டை இரவு 9.30-க்குப் பூட்டிவிடுவார்கள். வாசலில் கயிறு கட்டிய பேனாவோடு ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், அறை எண், எங்கே போகிறீர்கள், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எல்லாம் எழுத வேண்டும். நோட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மூழ்கியபோது, வார்டன் அக்கா அதை வைத்துத்தான் ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டு, யார் எங்கே மாட்டியிருக்கிறோம் என்று கணக்கெடுத்தார். ராத்திரி வரவில்லை என்றால் தேடுவதற்கு இந்த ஊரில் எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஆனால் 'யாரோடு' எதற்கு? அதைவிட, ஒருநாள் லேபில் லேட்டாகிவிட்டது. வார்டன் அக்காவுக்கு முன்கூட்டியே மெசேஜ் போட்டிருந்தேன். அப்படியும் ஓனர் அம்மா தென்காசியில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டு, "பொண்ணு இன்னும் வரலைங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா அன்று தூங்கவே இல்லை. எனக்கு 26 வயது. என் சம்பளத்தில் வாடகை கொடுக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

மறுநாள் கேட்டதற்கு, "பெத்தவங்க எங்களை நம்பித்தானேம்மா விட்டிருக்காங்க" என்றார். அவர் பயமும் நியாயம்தான். ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது அவர் வாசலில். 2014 சட்டப்படி பெண்கள் விடுதிக்கு ஆட்சியரிடம் வாங்க வேண்டிய உரிமத்தையும் ஆபீஸ் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் 10 மணி வரை போனை ஒப்படைக்க மறுத்த மாணவியை வெளியேற்றினார்கள். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் மாணவிக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொன்னது. விடுதிக்கு ஒழுங்கு வேண்டும். அதற்காக எங்கள் அந்தரங்கத்தில் கைவைக்கக்கூடாது. நான் ஓனர் அம்மாவிடம் கேட்பதும் அவ்வளவுதான்.

ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் சேர்ந்து போய்ப் பேசினோம். ஆபீஸ் கடிதம் கொடுத்தால் 11 மணி வரை கேட் திறக்கச் சம்மதித்துவிட்டார். லேட்டானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நாங்களே எழுதிக் கொடுப்பதற்கு இன்னும் பிடி கொடுக்கவில்லை. அதனால் இப்போதைக்கு 5-க்கு 3. சேருகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.