கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் வரை: ஒரு நாள் மிதிவண்டிச் சுற்றுலா பற்றிய மதிப்புரை

கொடைக்கானலில் மிதிவண்டி என்றாலே, 1863-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் சாலையில் மணிக்கணக்கு வாடகைக்கு ஓட்டுவதுதான் பெரும்பாலானோர் நினைவுக்கு வரும். அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்து, காட்டுச் சாலை வழியாகப் பூம்பாறைக்கும் அங்கிருந்து மன்னவனூருக்கும் அழைத்துச் செல்லும் ஒரு சிறு குழுவின் ஒரு நாள் சுற்றுலாவில் பிப்ரவரி மாத வார நாளொன்றில் என் தங்கையும் நானும் கலந்துகொண்டோம். மிதிவண்டி, ஹெல்மெட், வழிகாட்டி, பின்தொடரும் வண்டி, மதிய உணவு, திரும்பி வரும் பயணம் அனைத்தும் சேர்த்து ஒருவருக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். இந்தத் தொகைக்கு இது தகும் என்பதே என் கருத்து. ஆனால் திருத்திக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன.

முதலில் பாராட்ட வேண்டியது பாதையைத் தேர்ந்த விதத்தை. ஏரிக்கரையிலிருந்து சூரிய ஆய்வகம் வரையிலான ஏற்றம்தான் அன்றைய நாளில் உண்மையில் கடினமான பகுதி. அதை உடம்பில் தெம்பு இருக்கும் காலை ஏழரை மணிக்கே முடித்துவிடும்படி திட்டமிட்டிருந்தார்கள். 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஆய்வகத்தில்தான் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டறிந்தார். சமவெளியிலிருந்து முந்தின நாள் மாலைதான் வந்திருந்த எங்களுக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கியது. வழிகாட்டி இளைஞர் முன்னால் விரையாமல், கடைசியாக வந்த என் தங்கையின் வேகத்தையே எல்லோருடைய வேகமாகவும் வைத்துக்கொண்டார். “அக்கா, மேடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடுங்க. பாதி மேட்டுல மாத்தினா செயின் இழுத்துக்கும்” என்று அவர் சொன்ன ஒரே குறிப்பு, நான் பத்து ஆண்டுகளாகச் செய்துவந்த தவறைத் திருத்தியது. எட்டு பேர் கொண்ட குழுவில் ஒருவர்கூட இறங்கி வண்டியைத் தள்ள நேரவில்லை.

ஆய்வகத்தைத் தாண்டிய பிறகு சாலை பெரும்பாலும் இறக்கம்தான். பைன், யூகலிப்டஸ், வாட்டில் என்று ஆங்கிலேயர் காலம் தொட்டு நட்டு வளர்த்த அயல் மரங்களின் நடுவே முதலில் செல்கிறோம். பிறகு, மடிப்புகளில் ஓடையை ஒட்டிச் சோலைக்காடு தலைகாட்டுகிறது: குட்டையான, பாசி படர்ந்த, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய மரங்கள். பைன் தோப்பின் தரையில் காய்ந்த ஊசியிலை மட்டுமே கிடக்க, சோலையின் ஓரத்தில் கைவைத்தால் மண் ஈரமாக இருந்தது. காரில் மூன்று முறை இதே வழியில் போயிருக்கிறேன். இந்த வேறுபாடு ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை. ஓரிடத்தில் எல்லோரையும் நிறுத்தி, பேசாமல் நிற்கும்படி வழிகாட்டி கைகாட்டினார். ஓடைப் பக்கமிருந்து, யாரோ ஒரு சிறுவன் நினைத்த மெட்டைச் சீழ்க்கையடிப்பது போல ஓர் ஒலி வந்தது. சீகாரப் பூங்குருவி என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சற்றுத் தொலைவில் சாலையோரம் காட்டெருமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தபோதும் அதே பொறுமைதான். அது தானாகச் சரிவில் இறங்கிச் செல்லும் வரை இருபது நிமிடம் காத்திருந்தோம். பின்னால் வந்த சுற்றுலா வேன் ஹாரன் அடித்தபோது அவரே நடந்து போய் ஓட்டுநரிடம் பணிவாகப் பேசினார்.

குறை இந்த இறக்கத்தில்தான் தெரிந்தது. எனக்குத் தந்த வண்டியின் பின் பிரேக் தளர்ந்திருந்ததால், லிவரைக் கைப்பிடி வரை இழுத்தால் மட்டுமே பிடித்தது. முதல் வளைவிலேயே சொன்னேன். வழிகாட்டி உடனே மண்டியிட்டு, லிவரின் அடியிலிருக்கும் திருகைச் சுற்றிக் கேபிளை இறுக்கி, தானே ஐம்பது அடி ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே என்னிடம் கொடுத்தார். அவருடைய அக்கறையில் குறையில்லை. ஆனால் இது கிளம்பும் முன் கடையிலேயே பார்த்திருக்க வேண்டிய வேலை. மலை இறக்கத்தில் பிரேக் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. சேர விரும்புவோர், கிளம்பும் இடத்திலேயே இரு பிரேக்குகளையும் பிடித்துப் பார்த்து, சீட்டின் உயரத்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஆய்வகத்துக்கும் பூம்பாறைக்கும் இடையே பெண்கள் பயன்படுத்தத் தக்க கழிப்பறையை நாங்கள் காணவில்லை. இதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவதுதான் முறை.

பூம்பாறையில் ஒன்றரை மணி நேரம் தங்கவைத்தார்கள். படிப்படியான வயல்களுக்கு நடுவே ஓட்டு வீடுகளும் குழந்தை வேலப்பர் கோயிலும் அமைந்த ஊர் அது. பழனி மூலவரைப் போலவே இந்தத் திருமேனியையும் போகர் உருவாக்கினார் என்பது ஊராரின் நம்பிக்கை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இந்த மலையில்தான் விளைகிறது. ஒரு திண்ணையில் தாளோடு கட்டிய பூண்டுக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பல்லை நசுக்கிய விரலில் அந்த மணம் மாலை வரை இருந்தது. மதிய உணவைச் சமைத்ததும் ஊரில் உள்ள ஒரு வீட்டில்தான்: சோறு, பூண்டுக் குழம்பு, பீன்ஸ் பொரியல், மோர். தண்ணீரைப் பின்வண்டியில் பெரிய கேனில் கொண்டுவந்து எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள்.

பூம்பாறையிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலை ஏறியும் இறங்கியும் போகிறது. உண்ட மயக்கத்தோடு ஓட்டுவதற்குச் சிலருக்குக் கடினமாக இருந்தது, இருவர் பின்வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அதை யாரும் குறையாகப் பேசவில்லை. காடு திடீரென்று விலகி, மன்னவனூரின் புல்வெளியும் வனத்துறை பரிசல் விடும் ஏரியும் தெரிந்தபோது மணி மூன்று. மொத்தம் 35 கிலோமீட்டர் அளவில் ஓட்டியிருந்தோம். ஒரு மணி நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தோம். மூடுபனி இறங்கத் தொடங்கியதும் வண்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

என் தங்கையின் பன்னிரண்டு வயது மகனையும் அடுத்த முறை அழைத்து வரலாமா என்று கேட்டேன். அவன் உயரத்துக்கேற்ற வண்டி இப்போது அவர்களிடம் இல்லை. கோடை விடுமுறைக்குள் இரண்டு வாங்க எண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். வாங்கியதும் தெரிவிக்கும்படி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.