ஹாட் ராடுக்கு டிரம் பிரேக்: நாற்பது ஃபோர்டா, லிங்கனா?

என்னுடைய 1930 மாடல் ஏ ரோட்ஸ்டரில் முன் சக்கர பிரேக்கை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. முதலில் போட்டது 1940 ஃபோர்டின் (எங்கள் பேச்சில் ‘நாற்பது ஃபோர்டு’) ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக். இப்போது ஓடுவது ஃபோர்டின் சொகுசுக் கார் லிங்கனுடைய பிரேக். இரண்டுமே டிரம் வகை. ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின் வைத்து ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) கட்டும் யாருக்கும் இந்தக் குழப்பம் வரும். நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும், மறைக்கப் போவதில்லை.

டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் போடலாமே என்பீர்கள். போடலாம். நன்றாக நிற்கும், மழையிலும் நிற்கும். தினமும் ஃப்ரீவேயில் வேலைக்குப் போகிற வண்டி என்றால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள். ஆனால் மட்கார்டு இல்லாத வண்டியில் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். 1940-களின் கலிஃபோர்னியா வண்டி மாதிரி கட்டிவிட்டு அங்கே டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் தொங்கினால் பட்டு வேட்டிக்கு ஜாகிங் ஷூ போட்டது போல இருக்கிறது. டிஸ்க்கை மறைக்க டிரம் வடிவத்தில் உறைகூட விற்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

மாடல் ஏயோடு பிறந்த பிரேக் இரும்புத் தண்டுகளால் இழுபடும் மெக்கானிக்கல் வகை. 40 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது போதும், வி8-க்குப் போதாது. ஃபோர்டு 1938 வரை மெக்கானிக்கலையே கட்டிக்கொண்டு அழுதது. 1939 மாடலில்தான் ஹைட்ராலிக் வந்தது. அந்த ஒரு வருடத்து டிரம்மில் போல்ட் வட்டம் (சக்கர போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 10¼ அங்குலம், நம் சக்கரங்கள் உட்காராது. 1940-லிருந்து 48 வரை 5½ அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட், மாடல் ஏ சக்கரத்துக்கும் அதே அளவு. எல்லோரும் நாற்பது ஃபோர்டைத் தேடுவது இதனால்தான்.

ஃபோர்டு, லிங்கன் இரண்டுமே 12 அங்குல டிரம். டிரம்மில் உரசும் லைனிங்கின் அகலம் முன்னால் ஃபோர்டில் 1¾, லிங்கனில் 2 அங்குலம். அந்தக் கால் அங்குலம் பெரிய விஷயமே இல்லை. விஷயம் அந்த லைனிங்கைத் தாங்கி டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த ஷூ எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஃபோர்டில் இருப்பது லாக்ஹீட் வகை: ஒவ்வொரு ஷூவும் கீழே தன் தன் ஆங்கர் போல்ட்டில் தனித்தனியாக நிற்கும். மேலே வீல் சிலிண்டர் இரண்டையும் விரிக்கும். முன் ஷூவைச் சுழலும் டிரம் தன்னோடு இழுத்து அழுத்திக்கொள்ளும், பின் ஷூவைத் தள்ளிவிடும். லிங்கனில் 1940-களில் வந்தது பெண்டிக்ஸ் வகை. கீழே ஆங்கரே கிடையாது. இரண்டு ஷூவையும் ஒரு ஸ்டார் வீல் திருகு இணைக்கிறது, மேலே ஒரே ஆங்கர். டிரம் முன் ஷூவை இழுக்க, அது திருகு வழியாகப் பின் ஷூவைத் தள்ள, வண்டியின் வேகமே பிரேக்கை இறுக்குகிறது. காலில் பாதி வேலைதான்.

இருந்தாலும் நான் மாற்றியது காலுக்காக அல்ல. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து டைட் வைப்பதற்காக.

லாக்ஹீடில் ஒரு சக்கரத்துக்கு மேலே ஷூவை டிரம் பக்கம் நகர்த்தும் இரண்டு கேம், கீழே இரண்டு ஆங்கர், ஆக நான்கு இடத்தில் திருக வேண்டும். நாலு சக்கரத்துக்குப் பதினாறு. கீழ் ஆங்கர்கள் மையம் விலகியவை. அவற்றைத் திருப்பித் திருப்பித்தான் ஷூவின் வளைவை டிரம்மின் மையத்துக்குக் கொண்டுவர முடியும். அதற்கென்று அந்தக் காலத்தில் ஒரு கருவியே இருந்தது. என்னிடம் இல்லை. நான் கலிஃபோர்னியாவின் பொமோனா பழைய பாகச் சந்தையில் வாங்கிய டிரம்மை ஒரு பட்டறையில் கடையக் கொடுத்தேன், புது ஷூ போட்டேன், மேல் கேமை மட்டும் திருகிவிட்டு ஓட்டினேன். பெடல் பஞ்சு மாதிரி. மூன்று மாதத்தில் வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் லைனிங்கில் ஒரு பட்டை மட்டும்தான் பளபளவென்று தேய்ந்திருந்தது, மீதியெல்லாம் கடையில் வாங்கிய கறுப்பு அப்படியே. டிரம்மைக் கடைந்து பெரிதாக்கினால் ஷூவின் வளைவையும் அதற்கேற்ப அரைத்துக் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு என்பதால் ஷூ அரைக்கும் மெஷினைப் பலர் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். என் ஷூவை அரைத்துக் கொடுக்க ஆள் கிடைக்க ஆறு வாரம் ஆனது.

பெண்டிக்ஸிலும் ஷூவை அரைத்துப் போடுவது நல்லதுதான். ஆனால் அங்கே ஷூ மிதக்கிறது, தானே மையம் தேடிக்கொள்ளும். பின்னால் உள்ள ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு ஸ்டார் வீலைச் சக்கரம் உரசும்வரை திருகி, கொஞ்சம் பின்வாங்கினால் முடிந்தது. இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து எனக்கு ஒரு காபி ஆறுகிற நேரம். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமையே போகும்.

குறையும் உண்டு. தானே இறுகும் பிரேக் என்பதால் லைனிங் ஈரமானால் முதல் மிதியில் வெடுக்கென்று பிடிக்கும். சூடேறி லைனிங் வழுக்க ஆரம்பித்தால் லாக்ஹீடைவிட வேகமாக வலு குறையும். ஏஞ்சலஸ் கிரெஸ்ட் மலைச் சாலையில் ஒரே ஒருமுறைதான் இறங்கியிருக்கிறேன், அதுவும் இரண்டாம் கியரில் பயந்து பயந்து. அதை வைத்து மலைக்கு ஏற்றது என்று சொல்ல மாட்டேன். விலையும் அதிகம். அசல் லிங்கன் பாகங்கள் அரிது. அதே வடிவத்தில் புதிதாக வார்த்துத் தருகிறார்கள், நான் வாங்கியதும் அதுதான். கையைக் கடித்தால் ஃபோர்டு எஃப்-100 டிரக்கின் 11 அங்குல பெண்டிக்ஸ் இருக்கிறது.

அப்புறம் பியூக்கின் அலுமினிய டிரம். 45 துடுப்போடு அழகு அள்ளும், சூட்டையும் சீக்கிரம் விடும். ஆனால் போல்ட் வட்டம் 5 அங்குலம், நம் ஹப்புக்கு லேத்தில் நடுத்துளையைக் கடைந்து புதிதாகத் துளை போட வேண்டும். நண்பரின் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததோடு சரி, அதனால் இதற்கு மேல் அளக்கவில்லை.

பின்னால் நாற்பது ஃபோர்டையே விட்டுவிட்டேன். முன்னால் வலுவான பிரேக், பின்னால் சாது, வண்டி நேராக நிற்கிறது. டிரம்மைக் கழற்ற மட்டும் நல்ல புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். கூம்பு ஆக்சிலில் ஏறிய ஹப் சுத்தியலுக்கு மசியாது. பெடலின் அழுத்தத்தை எல்லாச் சக்கரத்துக்கும் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை உள்ளதாக இருக்கட்டும். பழைய ஒற்றை அறையில் ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு.

சக்கரம்? ஆசை 1935 வயர் வீல் மீது. ஆனால் அந்தக் கம்பிகள் ரிம்மில் பற்றவைக்கப்பட்டவை, கோணினால் சைக்கிள் மாதிரி முறுக்கி நேராக்க முடியாது. இந்த டிரம்மில் மாட்டும்போது நடுப்பகுதிக்கு முட்டுக்கொடுக்கும் வளையம் வேறு தேவை. இல்லாமல் நட்டை இறுக்கினால் நடுப்பகுதி வளைந்து நாளடைவில் விரிசல் விடும். நான் 1940 ஃபோர்டின் 16 அங்குல இரும்புச் சக்கரத்தில் நின்றுவிட்டேன். 12 அங்குல டிரம்முக்கு உள்ளே தாராளமாக இடம் இருக்கிறது.

சந்தைக்குப் போகிறவர்கள் உள்விட்டம் அளக்கும் காலிப்பர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 12.060 அங்குலத்தைத் தாண்டிய டிரம்மை விற்பவர் எவ்வளவு பெயின்ட் அடித்து வைத்திருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.