மரத்துக்கு கால்குலிக்ஸ்: தொய்வு சரி, முறிவு உங்கள் பாடு

கால்குலிக்ஸ் காசில்லாமல் கிடைக்கும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள்: பொருளை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, சுமையில் அது எப்படி வளையும் என்று கணக்கிடும். மூனிக்கில் உள்ள எம்டியு விமான எஞ்சின் நிறுவனத்தின் பொறியாளர்கள் கிடோ டோன்ட், கிளாவுஸ் விட்டிக் இருவரும் எழுதியது. உலோகத்துக்கென்று பிறந்த பிள்ளை என்பது மரத்தை உள்ளே போட்டதும் தெரிந்துவிடும். முகப்புக்கு ஸ்லோவேனியாவின் மரிபோர் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ப்ரீபோமேக்ஸ் போதும். அதுவும் இலவசம். விண்டோஸில் ஜிப்பைப் பிரித்தாலே ஓடும்.

மரத்துக்கு விறைப்பைச் சொல்லும் ஒரு மீள்மாறிலி போதாது, ஒன்பது எண் வேண்டும். இழைவழி, ஆரவழி, ஆண்டு வளையத்தைத் தொட்டுச் செல்லும் தொடுவழி என மூன்று திசைக்கும் தனித்தனி எண்கள். டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு, 12 சதவீத ஈரப்பதத்தில், அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தின் கையேட்டிலிருந்து கணக்கிட்டால் இழைவழி 14,740, ஆரவழி 1,002, தொடுவழி 737 மெகாபாஸ்கல். ஒரு திசையில் இழுத்தால் மற்றதில் எவ்வளவு ஒடுங்கும் என்று சொல்லும் பாய்சான் விகிதங்கள், இழை–ஆரம், இழை–தொடு, ஆரம்–தொடு என்ற வரிசையில், 0.292, 0.449, 0.390. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதை எதிர்க்கும் வெட்டு மாறிலிகள் அதே வரிசையில் 943, 1,150, 103 மெகாபாஸ்கல். இவற்றை எலாஸ்டிக் கட்டளையில் 'இன்ஜினியரிங் கான்ஸ்டன்ட்ஸ்' வகையில் கொடுக்க வேண்டும். ப்ரீபோமேக்ஸின் கீவேர்ட் எடிட்டரில் கையால் எழுதிவிடுவதே நிம்மதி. ஒரு வரிக்கு எட்டு எண்தான். ஒன்பதாவதான 103 அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஒரே வரியில் அடைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு.

இரண்டாவது தவறு இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணில் படாது. 50-க்கு 150 மி.மீ. உத்திரம், தாங்கிகளுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி, நடுவில் 5 கிலோநியூட்டன் என்று வையுங்கள். வளைவால் 13.6, வெட்டால் 0.6, ஆக 14.2 மி.மீ. தொய்வு என்று கைக்கணக்கு சொல்லும். இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லும் ஓரியன்டேஷன் கட்டளையை மறந்துவிட்டு, உத்திரத்தை இசட் அச்சின் வழியே வரைந்திருந்தால், மென்பொருள் தொடுவழி மாறிலியை இழைவழியாக எடுத்துக்கொள்ளும். தொய்வு 270 மி.மீ.யைத் தாண்டிவிடும். ஆனால் வளைவுத் தகைவு, அதாவது பரப்பளவுக்கு விழும் உள்விசை, இரண்டு ஓட்டத்திலும் அதே 20 மெகாபாஸ்கல்தான். இரு முனையிலும் சும்மா வைத்த உத்திரத்தில் தகைவு மாறிலியைச் சார்ந்ததல்ல. தகைவுப் படத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். முதலில் தொய்வைக் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இடைவெளியை 1.5 மீட்டராகக் குறைத்தால் வெட்டுத் தொய்வு வளைவுத் தொய்வில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். எஃகில் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுப் பழகியவர்கள் மரத்திலும் விட்டுவிடுகிறார்கள்.

ஆண்டு வளையத்தின் வளைவையும் காட்ட உருளை ஓரியன்டேஷன் உண்டு. மரக்கருவின் அச்சில் இரண்டு புள்ளி கொடுத்தால் போதும், அழகாக வேலை செய்கிறது. ஆனால் அதில் ஒன்றாம் திசை ஆரம், இரண்டு தொடுகோடு, மூன்றுதான் இழை. ஒன்பது எண்களின் வரிசையும் மாற வேண்டும். இழை–ஆர விகிதமான 0.292-ஐ அப்படியே ஆரம்–இழை இடத்துக்கு நகர்த்தினால், ஆரவழிக்கும் இழைவழிக்கும் உள்ள 0.068 விகிதத்தின் வர்க்கமூலமான 0.26-ஐ அது மீறுகிறது. பொருளே இருக்க முடியாத பொருளாகிவிடும், விடையும் உளறலாக வரும். அங்கே போட வேண்டியது 0.292-ஐ 0.068-ஆல் பெருக்கி வரும் 0.020, அடுத்ததான தொடு–இழைக்கு 0.022. கையேட்டு அட்டவணை இவற்றுக்கு 0.036, 0.029 என்கிறது. அளந்த எண்கள் சமச்சீருக்குக் கட்டுப்படாததால் வரும் வேறுபாடு அது, தொய்வை அது பாதிக்காது. தேக்கு அந்த விகித அட்டவணையில் இல்லவே இல்லை. மஹோகனியின் விகிதங்களைத் தேக்குக்கு மாட்டிவிட்டு மூன்று தசமத்தில் விடை எழுதுவது வேடிக்கை.

எலிமென்ட் விஷயத்தில் எட்டு முனையுள்ள சி3டி8 வேண்டாம், வளைவில் விறைத்துக்கொள்ளும். இருபது முனையுள்ள சி3டி20ஆர் எடுத்து உயரத்துக்கு நான்கு அடுக்கு வைத்தால் நன்றாகவே வரும்.

இந்த மென்பொருளில் மனதுக்குப் பிடித்த இடம் ஈரப்பதம். அதற்கென்று தனிக் கட்டளை இல்லை என்றாலும் வெப்ப விரிவைக் கடன் வாங்கலாம். ஒரு பாகை என்பதை ஒரு சதவீத ஈரமாக எண்ணிக்கொண்டு, எக்ஸ்பான்ஷனை ஆர்த்தோ வகையில் ஆரவழி 0.0016, தொடுவழி 0.0025 என்று கொடுங்கள். இழைவழி கிட்டத்தட்ட சுழியம். 18 சதவீதத்திலிருந்து 12-க்கு இறக்கினால், தொடுவழியில் 150 மி.மீ. அகலமுள்ள பலகை ஏறக்குறைய 2.3 மி.மீ. சுருங்கும். உருளை ஓரியன்டேஷனோடு ஓட்டினால் பலகை கிண்ணம்போல் வளைவதும், விளிம்பு கருவுக்கு எதிர்ப்பக்கம் தூக்குவதும் திரையில் அச்சாகத் தெரியும். தச்சர்கள் பார்த்ததும் தலையாட்டுவார்கள்.

முறிவுக்கு வந்தால் கதை வேறு. ப்ரீபோமேக்ஸ் முதலில் நீட்டும் வான் மிசெஸ் படத்தை, எல்லாத் திசைத் தகைவையும் ஒரே எண்ணாக்கும் உலோக அளவுகோலை, மரத்துக்குப் பார்க்கவே கூடாது. விடைகளைக் கோப்பில் எழுதும் எல் ஃபைல் கட்டளையில் 'குளோபல்' என்பதற்கு 'நோ' கொடுத்து, தகைவை இழைத் திசையிலேயே வாங்குங்கள். சுத்தமான சிறு மாதிரியில் டக்ளஸ் ஃபிர் இழைவழி அமுக்கத்தை 49.9 மெகாபாஸ்கல் தாங்கும், குறுக்கு இழுவையில் வெறும் 2.3. கணுவும் பிளவும் உள்ள உண்மையான மரத்தில் இதுவும் கிடையாது. சி24 என்ற ஐரோப்பிய கட்டுமான மரத் தரத்துக்குக் குறுக்கு இழுவை 0.4 மட்டுமே. அமுக்கத்தில் மரம் மெல்ல மெல்ல நசுங்கும், இழுவையில் பட்டென்று விடும். இந்த இரட்டைக் குணம் உள்ளமைந்த பிளாஸ்டிக் விதியில் இல்லை, அது உலோகத்தின் விதி. திசைக்குத் திசை வலிமை மாறுவதைக் கணக்கில் எடுக்கும் ஹில் விதியைச் சேர்த்தாலும் அது இழுவையையும் அமுக்கத்தையும் ஒன்றாகவே பார்க்கும். வேண்டுமென்றால் ஃபோர்ட்ரானில் யூமேட், அதாவது சொந்தப் பொருள் விதி, எழுத வேண்டும், வார இறுதியில் முடிகிற வேலையல்ல.

தாங்கி அருகே அடியில் ஒரு துண்டை வெட்டியெடுத்த உத்திரம்தான் நல்ல சோதனை. அந்தக் கூர்மூலையில் குறுக்குத் தகைவு மெஷ்ஷை, அதாவது துண்டுகளின் அளவை, பாதியாக்கப் பாதியாக்க ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. அந்த எண்ணை 2.3-உடன் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஐரோப்பிய மரக் கட்டுமான விதியான யூரோகோட் 5-இல், இப்படி அடி வெட்டிய உத்திரத்துக்கென உள்ள குறைப்புக் காரணியைக் கையால் போடுங்கள். பிளவு ஓடுவதையே பார்க்க வேண்டுமானால் பிரான்சின் இடிஎஃப் வெளியிடும் கோட் ஆஸ்டருக்கு மாறுங்கள், அதில் பிளவு மெல்லத் திறப்பதைக் கணக்கிடும் கொஹீசிவ் விதிகள் இருக்கின்றன. கற்றுக்கொள்ளச் சில மாதம் பிடிக்கும்.

நாள்பட்ட தொய்வையும் இதில் தேட வேண்டாம். உள்ளரங்க மரத்துக்கு யூரோகோட் 5 சொல்லும் கேடெஃப், அதாவது காலப்போக்கில் கூடும் தொய்வின் விகிதம், 0.60. நிரந்தரச் சுமை என்றால் 14.2-ஐ 1.6-ஆல் பெருக்குங்கள்: 22.7 மி.மீ.