வெளியே திறக்கிறது, வீட்டில் திறக்கவில்லை: ஒரு ரவுட்டரோடு மூன்று வருடம்

கீழக்கரை நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற ரவுட்டரையே நானும் வாங்கலாமா? வீட்டிலிருந்தே வெப்சைட் நடத்தணும்." அன்றுதான் அந்த ரவுட்டரை ராமநாதபுரத்தில் பழுது பார்த்து எடுத்து வந்திருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

என் வீடு பாம்பனில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். மொட்டை மாடியில் காற்று வேகத்தை அளக்கும் கிண்ணங்கள் சுற்றுகின்றன. அந்தக் கணக்கை ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் எடுத்து, சின்ன வெப் பக்கமாகக் காட்டுகிறது. வள்ளத்தில் போகிறவர்கள் கிளம்பும் முன் பார்ப்பதற்காகப் போட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத்தான் தடை, நாட்டுப்படகுகள் போகும். ஆகவே பக்கம் வருடம் முழுக்க ஓடியாக வேண்டும்.

வெளியிலிருந்து வருகிறவர்களை வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் விதிதான் போர்ட் ஃபார்வேர்டிங். அதைப் போடுவது பெரிய வேலை இல்லை. 'வெர்ச்சுவல் சர்வர்' என்ற இடத்தில் 80, 443 என்ற இரண்டு வெப் போர்ட்டுகளையும் ராஸ்பெரி பையின் 192.168.1.50 முகவரிக்குத் திருப்பினேன். அந்த முகவரி மாறாமல் இருக்க, ரவுட்டரில் அதைப் பைக்கென்றே ஒதுக்கும் டிஹெச்சிபி ரிசர்வேஷனும் போட்டேன். 80 எதற்கென்றால், பக்கத்தைப் பாதுகாப்பாகத் திறக்க லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது அந்த வழியாக வந்துதான் சரிபார்க்கிறது. இந்த மூன்று வருடத்தில் கரண்ட் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறது, ஒரு விதிகூடத் தானாக அழிந்ததில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

என்னை வாட்டியது வேறு. போட்ட முதல் நாள் என் போனில் பக்கத்தைத் திறந்தால் ரவுட்டரின் லாகின் திரை வந்து நின்றது. விதியை அழித்தேன், மறுபடி எழுதினேன். ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தேன். இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் விடிகாலை கடலுக்குப் போன சித்தப்பா திரும்பி வந்து சொன்னார்: "ஏப்பா, இங்க வீட்டுல பார்த்தா பாஸ்வேர்டு கேக்குது. கடக்கரையில நின்னு பார்த்தா காத்து நல்லாத் தெரியுதே."

அங்கேதான் பிடி கிடைத்தது. கடற்கரையில் அவர் போன் மொபைல் டேட்டாவில் இருந்தது, இங்கே என் வைஃபையில். வீட்டுக்குள்ளிருந்து நம்முடைய பொது முகவரியைக் கேட்டால், ரவுட்டர் அதைத் திருப்பி உள்ளேயே பைக்கு அனுப்ப வேண்டும். நேட் லூப்பேக் என்பது அதுதான். இந்த ரவுட்டரில் அது இல்லை. பெட்டியிலும் சொல்லவில்லை, கையேட்டிலும் ஒரு வரி இல்லை. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த விதியை நான் இரண்டு நாள் அழித்து அழித்து எழுதியிருக்கிறேன்!

மாற்று வழி உண்டு. வெப்சைட் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் ஒன்றைப் பையிலேயே ஓட்டி, வீட்டில் எல்லா போன்களும் அதையே கேட்கும்படி செய்து, பக்கத்தின் பெயருக்கு 192.168.1.50 என்று பதில் சொல்ல வைத்தேன். ஆனால் பை நின்றால் வீடு முழுக்க நெட் நிற்கிறது. சரி என்று இரண்டாவது டிஎன்எஸ் கொடுத்தால், போன்கள் சில நேரம் அதைக் கேட்டுவிட்டு மறுபடி லாகின் திரைக்குப் போய்விடுகின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை எத்தனை தடவைதான் விளக்குவது?

இந்தத் தடவை பழுதுக்குக் காரணம் உப்புக்காற்று. லேன் ஜாக்கின் எட்டுப் பின்களில் மூன்று பச்சைக் களிம்பேறி மெலிந்து போயிருந்தன. ஜாக்கை மாற்றிய கடைக்காரர் ரீசெட்டும் செய்து கொடுத்துவிட்டார், எல்லா விதியும் போச்சு. ரவுட்டர் செட்டிங்குகளின் நகலை, அதாவது கான்ஃபிக் பேக்கப், எடுத்து வையுங்கள். அப்புறம் தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்ய உதவும் 22ஆம் போர்ட்டை மட்டும் வெளியே திறக்காதீர்கள். நான் திறந்த அன்றே யார் யாரோ கடவுச்சொல் போட்டுப் பார்த்த வரிகளால் லாக் நிரம்பிவிட்டது.

இவ்வளவு உழைத்த ரவுட்டர்தான். இருந்தும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். லூப்பேக் இல்லாததை இன்னொரு வீட்டுக்கு என் வாயால் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

நண்பருக்கு ஒன்று: எந்த ரவுட்டர் வாங்குவதற்கு முன்னாலும், இப்போது இருப்பதில் வான் ஐபியை (WAN IP, இன்டர்நெட் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் நெட் கம்பெனியின் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகளோடு பகிர்கிறீர்கள்; வழக்கமான ஐபிவி4 முகவரியில் எந்த ரவுட்டரில் என்ன விதி போட்டாலும் வெளியிலிருந்து ஆள் வர முடியாது. முதலில் அவர்களிடம் பொது ஐபி கேளுங்கள்.