"ஃபுல் ஆட்டோமேட்டிக்" என்று விற்ற ஏழு சீட் வண்டி: பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கம் பழைய வண்டி பார்ப்பவர்கள் கவனத்துக்கு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து ஏழு பேர். பொள்ளாச்சியில் பழைய வண்டி விற்கும் கடை ஒன்றில் தமிழ்நாட்டு நம்பர் போட்ட ஏழு சீட் வண்டியை வாங்கினார்கள். ஓட்டுபவருக்கு இடது முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், வால்பாறைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் சொன்ன பதில் இதுதான்: "ஃபுல் ஆட்டோமேட்டிக்குங்ண்ணா. கிளட்ச்சே கெடையாது. மிதிச்சாப் போதும், மலையெல்லாம் தானா ஏறிக்கும்."

பதினைந்தே நாளில் ஏழு பேரும் வால்பாறைக்குக் கிளம்பினார்கள். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வரும்போதெல்லாம் ஏற்றத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்தே வண்டி பின்னால் உருளாமல் பிடித்திருக்கிறார் ஓட்டியவர். கிளட்ச் இல்லாத வண்டி என்றுதானே சொல்லியிருந்தார்கள்! பாதி மலையில் கருகல் நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. பெரியவர்களை இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கீழேயிருந்து மீட்பு வண்டி வரும்வரை ரோட்டோரத்தில் நின்றார்கள்.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது கிளட்ச் தட்டில் லைனிங் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. பிரஷர் பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிளைவீலில் தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். இத்தனையும் ஒரே பயணத்தில் வருவதில்லை. கிளட்ச் முக்கால்வாசி போன நிலையில்தான் வண்டி கை மாறியிருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "மலையில ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு எங்கிட்ட வந்தா எப்படிங்?" என்று கையை விரித்துவிட்டார்.

அந்த வண்டியில் இருந்தது ஏஎம்டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச் தட்டு. மிதிப்பது மட்டும் காலுக்குப் பதில் ஒரு மோட்டாரோ, ஹைட்ராலிக் பம்ப்போ. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்தால், மேனுவல் வண்டியில் பாதிக் கிளட்ச்சில் நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஏழு பேர் பாரத்தில் தட்டு சில நிமிடங்களிலேயே கருகத் தொடங்கும்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கே வேண்டாம், கியர் லீவரைப் பார்த்தால் போதும். வழக்கமான ஏஎம்டியில் ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) மட்டும் இருக்கும், 'பி' (பார்க்) இருக்காது. டார்க் கன்வெர்ட்டருக்கும் (எண்ணெய் வழியாக விசை கடத்தும் ஆட்டோமேட்டிக்) சிவிடிக்கும் (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) பி, ஆர், என், டி என்று வரிசையாக வரும். 'பி' இல்லாத வண்டியை ஒருவர் "ஃபுல் ஆட்டோ" என்று சொன்னால், அந்த இடத்திலேயே சுதாரித்துக்கொள்ளுங்கள். ஏஎம்டி கெட்ட சாமான் என்று சொல்ல வரவில்லை. சித்தூர், பாலக்காடு சமவெளியில் நாலு பேரோடு ஓட மைலேஜ் தரும் நல்ல ஏற்பாடு அது. அதை மலைக்கு ஏழு பேரோடு போகும் குடும்பத்திடம் வேறொன்றாகச் சொல்லி விற்பதுதான் மோசடி.

மலைக்கு ஏழு பேர் என்றால் டார்க் கன்வெர்ட்டர்தான் பத்திரமானது. அதில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. நின்று நின்று ஏறினாலும் ஏஎம்டி மாதிரி கருகுவதற்கு அங்கே கிளட்ச் தட்டு இல்லை. கியா கேரன்ஸ் டீசல் ஆட்டோமேட்டிக் இந்த வகை, 6 கியர், 250 நியூட்டன் மீட்டர் இழுவை. அதே கேரன்ஸின் டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோ டிசிடி, அதாவது எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளட்ச். ஓட்டச் சுகமாக இருக்கும், ஆனால் ஏற்றத்தில் ஊர்ந்தால் அதுவும் சூடேறும். ஒரே பெயர்ப்பலகை, உள்ளே இரண்டு வேறு சாமான். மாருதி எர்டிகா ஆட்டோமேட்டிக் டார்க் கன்வெர்ட்டர்தான், ஆனால் 2022 ஏப்ரலுக்கு முந்தையதில் 4 கியர், அதற்குப் பிந்தையதில் 6 கியர். ஏழு பேரோடு ஏற்றத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ரெனோ ட்ரைபரில் 1 லிட்டர் இன்ஜின், 96 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக் என்றால் ஏஎம்டி. சீட் ஏழு இருக்கிறது என்பதற்காக வால்பாறைக்கு முழுப் பாரம் ஏற்ற வேண்டாம்.

இன்னோவா கிரிஸ்டாவில் வேறொரு தந்திரம் நடக்கிறது. 2023-ல் திரும்ப வந்த டீசல் கிரிஸ்டா 5 கியர் மேனுவல் மட்டும்தான். "2023 மாடல் டீசல் ஆட்டோமேட்டிக்" என்று யாராவது காட்டினால், ஆர்சியில் தயாரிப்பு மாதம், வருடம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிக்குப் புது வருடத்து விலை கேட்கிறார்கள் என்று அர்த்தம். இன்னோவா ஹைகிராஸிலும் ஒரு குழப்பம் உண்டு. ஹைபிரிட்டில் இருக்கும் ஈ-சிவிடியில் பெல்ட்டே கிடையாது, மோட்டார்களும் கோள்கியரும்தான். ஹைபிரிட் இல்லாத பெட்ரோல் ஹைகிராஸில் இருப்பது பெல்ட் ஓடும் சிவிடி. பெல்ட் சிவிடிக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றிய வண்டி கொஞ்ச நாளில் அதிர ஆரம்பித்து, பெல்ட்டும் புல்லியும் போய் நிற்கும். அதனால் சர்வீஸ் பில்லில் எண்ணெய்ப் பெயரைப் படியுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் காலையில் போங்கள், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் பிரேக்கை மிதித்தபடி 'என்'-லிருந்து 'டி', பிறகு 'ஆர்' போடுங்கள். ஓரிரண்டு விநாடிக்குள் மெதுவாகக் கடித்தால் சரி. தாமதித்து 'டொக்' என்று குத்தினால் உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைவு அல்லது தேய்மானம். ஏடிஎஃப் குச்சி உள்ள வண்டியானால் எடுத்துப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் நல்லது, கறுத்துக் கருகல் வாடை அடித்தால் வேண்டாம், பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கடைசி அடையாளத்தைக் கேரளத்து வண்டிகளில் கட்டாயம் தேட வேண்டியிருக்கிறது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏஎம்டிக்குச் சோதனை வேறு. மேனுவல் மோடில் 4-வது கியர் போட்டு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்குங்கள். ஆர்பிஎம் முள் ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தக் குடும்பத்துக்கு இந்த ஒரு நிமிடச் சோதனையே போதுமானதாக இருந்திருக்கும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரையும் கொண்டுபோங்கள். எரர் இல்லை என்று காட்டினால் மட்டும் நம்பிவிடாதீர்கள். எரரை அழித்துவிட்டு விற்பது சாதாரணமாக நடக்கிறது. எரர் அழித்தபின் ஓடிய தூரம் என்று ஒரு கணக்கு ஸ்கேனரில் வரும். 60,000 ஓடிய வண்டியில் அது 5 கிலோமீட்டர் என்று காட்டினால், யாரோ நேற்று எதையோ மறைத்திருக்கிறார்கள்.

எல்லை தாண்டி வாங்குபவர்கள் காகிதத்தையும் விடக்கூடாது. தமிழ்நாட்டு ஆர்டிஓவிலிருந்து படிவம் 28, அதாவது என்ஓசி (தடையில்லாச் சான்று), கைக்கு வந்த பிறகே முழுப்பணமும் கொடுங்கள். கடனில் வாங்கிய வண்டிக்குப் பைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதமோ, கடன் அடைத்ததற்கான படிவம் 35-ஓ இல்லாமல் என்ஓசி நகராது. வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும், கேரளச் சாலை வரியும் தனி. பேரம் பேசும்போதே அதைக் கணக்கில் கழியுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை பொள்ளாச்சியில் என்றாலும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். காலக்கெடு 2 வருடம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. "ஃபுல் ஆட்டோ" என்று வந்த வாட்ஸ்அப் விளம்பரத்தையும் குரல் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். தேய்ந்த கிளட்ச் தட்டை மெக்கானிக்கிடம் விட்டுவராமல் வாங்கி வையுங்கள். இனிமேல் வாங்கப்போகிறவர்கள், "கியர்பாக்ஸ்: டார்க் கன்வெர்ட்டர்" என்றோ "ஏஎம்டி" என்றோ பில்லிலேயே எழுதிக் கையெழுத்து கேளுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.