தூக்கு விளக்கு வாங்கறதுன்னா சங்கிலியை முதல்ல பாருங்க, விளக்கை அப்புறம் பாத்துக்கலாம்

இப்ப ஆன்லைன்ல எங்க தேடினாலும் 'ஹைட் அட்ஜஸ்டபிள்'னு போட்டு பித்தளைத் தூக்கு விளக்கு விக்குது. நான் பாத்த வரைக்கும் அதுல முக்கால்வாசி, மாட்டற அன்னிக்கு ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்கத்தான் லாயக்கு. ஸ்டூல் போட்டு ஏறி, எந்தக் கண்ணி சரியா வருதுன்னு பாத்து கொக்கியை மாட்டிட்டு இறங்கிட்டா அவ்வளவுதான், அதுக்கப்புறம் அது அங்கயேதான் தொங்கும். ஆனா எண்ணெய் விளக்குக்கு தினமும் வேலை இருக்கே. இறக்கணும், பழைய திரியை எடுக்கணும், கசடைத் துடைக்கணும், எண்ணெய் ஊத்தணும், புதுத் திரி போட்டு ஏத்தணும், திரும்ப மேல தூக்கணும். இத்தனையும் எண்ணெய்க் கையோட. இதுக்குத் தோதா இல்லாத எதையும் ஏத்தி இறக்கலாம்னு சொல்லி விக்கவே கூடாதுங்கறது என் கட்சி.

நாங்க வாங்கினது அஞ்சு முகம், வார்ப்புப் பித்தளை, ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். கும்பகோணம் பக்கம் ஒரு பாத்திரக்கடையில எடுத்தது, கடை பேர் வேணாம். அகலமான கிண்ணம், விளிம்புல மூணு காது, மூணு காதுலேர்ந்தும் மூணு சங்கிலி மேல போய் ஒரு வளையத்துல சேருது, அந்த வளையத்துலேர்ந்து நாலடிக்கு ஒத்தைச் சங்கிலி, நடுவுல ஒரு அன்னம், நுனியில கொக்கி. கிண்ணத்தோட வேலைப்பாட்டுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கடைசல் நல்லா பிடிச்சிருக்காங்க, முகத்தோட நுனி கூர்மையா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, திரி நகராம நிக்குது. நாச்சியார்கோயில் பக்கத்துலயே இருக்கற ஊரு, அங்க குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே வாங்கி வச்சிருக்காங்க, அந்தக் கைங்க வார்க்கறதுல என்ன குறை இருக்கப்போகுது. குறை எல்லாம் கிண்ணத்துக்கு மேலதான்.

முதல்ல அந்தக் கொக்கி. உயரம் மாத்தணும்னா கொக்கியை ஒரு கண்ணியிலேர்ந்து எடுத்து வேற கண்ணியில போடணும், சரி. ஆனா கொக்கியை எடுக்கணும்னா முதல்ல விளக்கோட பாரம் அதுமேல இல்லாம இருக்கணும், அதுக்கு ஒரு கையால விளக்கைத் தூக்கிப் பிடிக்கணும், இன்னொரு கையால கொக்கியைக் கழட்டணும், அப்போ எண்ணெய்ச் சொம்பை யார் பிடிக்கறது? அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்றேன்) அஞ்சடிதான் உயரம். அவங்கதான் வீட்ல விளக்கேத்தறது. அவங்க கைக்கு எட்டற மாதிரி இறக்கி மாட்டினா எங்க வீட்டு ஆறடிக்காரர் நெத்தியில இடிக்குது, அவருக்கு இடிக்காம ஏத்தி மாட்டினா அத்தை முக்காலி மேல ஏறி நிக்கணும். எழுபது வயசு கடந்தவங்க எரியற விளக்குக்குப் பக்கத்துல முக்காலியில நிக்கறதை நினைச்சாலே பகீர்ங்குது. உயரத்தை மாத்தற வசதி இந்த ஒரே காரணத்துக்காகத்தான் வேணும், அதையே இந்தக் கொக்கி செய்ய விட மாட்டேங்குது.

அதோட அது வாய் திறந்த கொக்கி. கொக்கி நுனி உள்பக்கம் இன்னும் வளைஞ்சிருந்தாலோ, ஒரு சின்ன மூடி இருந்தாலோ கண்ணி நழுவாது. இதுல கீழேர்ந்து லேசா தட்டினாலே கண்ணி கழண்டு வர்ற நிலைமை. குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

அடுத்தது சங்கிலி மூணு, முகம் அஞ்சு. கடையில பாக்கறப்போ கண்ணுக்கு அழகாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. சங்கிலி 120 டிகிரிக்கு ஒண்ணு, முகம் 72 டிகிரிக்கு ஒண்ணு. நீங்க எப்படித் திருப்பி வச்சு வார்த்தாலும் குறைஞ்சது ஒரு சங்கிலியாவது ஏதோ ஒரு சுடருக்கு 12 டிகிரிக்குள்ள வந்தே தீரும், வேற வழியே இல்ல. எங்களோடதுல ரெண்டு சங்கிலி அப்படி மாட்டிக்கிட்டு இருக்கு. அந்த ரெண்டுலயும் கீழ்க்கண்ணிங்க சூடாகி, கரி படிஞ்சு, தொட்டா விரல் கறுக்குது. மூணு முகமோ ஆறு முகமோ இருந்தா சங்கிலியைச் சரியா ரெண்டு சுடருக்கு நடுவுல கொண்டு வந்துடலாம். அஞ்சுதான் வேணும்னு வீட்ல சொன்னாங்கன்னா, கிண்ணத்து நடுவுலேர்ந்து தண்டு எழும்பி ஒத்தைச் சங்கிலியில தொங்கற வகையை எடுங்க, அதுல எந்த முகத்துக்கும் சங்கிலி குறுக்க வராது. ஆனா மூணு சங்கிலிக்குன்னு ஒரு நல்ல குணம் இருக்கு, அதையும் சொல்லணும்: மூணும் எப்பவும் இறுக்கமாவே நிக்கும். நாலு சங்கிலி போட்ட விளக்குல அளவு ஒரு நூல் பிசகினாலும் ஒண்ணு தொளதொளன்னு ஆயிடும், பாரம் மத்ததுல போயிடும்.

சொட்டுக்கிண்ணம் இல்ல. இது பெரிய குறை. திரி எண்ணெயை இழுத்து முகத்து நுனிக்குக் கொண்டு வந்துடுது, எரியாத மிச்சம் அப்படியே அடிப்பக்கமா வழிஞ்சு தரையில சொட்டுது, மார்பிள்னா கறை போகவே போகாது. அடியில ஒரு சின்ன கிண்ணத்தைத் தொங்கவிட்டா முடிஞ்சுது, அதுக்கு எவ்வளவு பித்தளை ஆயிடப்போகுது.

இதுல வெறுப்பு என்னன்னா இது எல்லாமே எப்பவோ யோசிச்சு முடிச்ச விஷயம். 18ம் நூற்றாண்டு ஜெர்மனி பக்கம் யூதர் வீடுகள்ல சபாத் (அவங்களோட வாராந்திர ஓய்வு நாள்) விளக்குன்னு ஒண்ணு தொங்கவிடுவாங்க, பித்தளையில நட்சத்திர வடிவத்துல, ஒவ்வொரு முனையும் ஒரு திரிக்குன்னு. அதுக்குக் கீழ சொட்டுக்கிண்ணம் உண்டு. மேல ரம்பப் பல்லு வெட்டின ஒரு பட்டை, அதைப் பிடிச்சு நிக்க ஒரு வளையம். வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்கு முன்னாடி விளக்கை இறக்கி திரியைப் பத்த வச்சுடணும், சபாத் தொடங்கிட்டா நெருப்பு பத்த வைக்கக் கூடாது. விருந்தெல்லாம் முடிஞ்சு அந்த நாள் கழிஞ்சதும் விளக்கு திரும்ப மேல போயிடும். 'விளக்கு இறங்கினா கவலை ஏறிப்போகும்'னு அவங்க பாஷையில ஒரு சொலவடையே இருந்திருக்கு. இந்தப் பல்லுப் பட்டை விளக்குக்குன்னு புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல, அடுப்புக்கு மேல குண்டானைத் தொங்கவிட்டு, தீ அதிகமானா மேல ஏத்தி, குறைஞ்சா இறக்கி வச்சுக்கற அதே சமையலறைச் சாமான்தான். பல்லுல விழுந்துட்டா பாரமே அதைப் பிடிச்சுக்கும், கழண்டு வராது. நம்ம ஊர் கொக்கியை இதோட வச்சுப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கு.

இன்னொரு வழி எதிர்ப்பாரம். மண்ணெண்ணெய் காலத்துல, அதாவது 19ம் நூற்றாண்டு கடைசியில, ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் சாப்பாட்டு மேசைக்கு மேல தொங்கின விளக்கு நிறைய இப்படித்தான். சங்கிலி கப்பி மேல போய் அந்தப் பக்கம் ஒரு கனமான குண்டுல முடியும், சிலதுல குண்டு பீங்கான், உள்ள ஈயக்குண்டு நிரப்பியிருக்கும். கையால லேசா இழுத்தா இறங்கும், விட்டா விட்ட இடத்துல நிக்கும். அவங்க இதுக்கு இவ்வளவு மெனக்கெட்டதுக்குக் காரணம் வெளிச்சம்தான். விளக்குக்கும் புஸ்தகத்துக்கும் நடுவுல தூரம் பாதியாச்சுன்னா வெளிச்சம் நாலு மடங்கு, அதனால படிக்கறப்போ இறக்குவாங்க, மத்த நேரம் ஏத்திடுவாங்க. கூரையில கரி பிடிக்காம இருக்க சிம்னிக்கு மேல ஒரு சின்ன மணி வடிவ மூடி வேற தொங்கும்.

நம்ம திறந்த கிண்ண விளக்குல எதிர்ப்பாரம் போடறதுக்கு ஒரு சிக்கல் இருக்கு. எண்ணெய் எரிய எரிய விளக்கோட எடை குறையும். கால் லிட்டர் நல்லெண்ணெய்னா சுமார் 230 கிராம். நிறைஞ்ச விளக்குக்குச் சரியா குண்டு கட்டினா எண்ணெய் தீரத் தீர விளக்கு தானா மேல ஏறப் பாக்கும், காலி விளக்குக்குக் கட்டினா ஊத்தின உடனே கீழ இறங்கும். பாதி எண்ணெய்க்குக் கணக்குப் பண்ணிக் கட்டிட்டு, மிச்ச நூத்துச் சொச்சம் கிராம் வித்தியாசத்தைக் கப்பியோட உரசலே தாங்கற மாதிரி விட்டுடணும். அதனால கப்பி ரொம்ப வழுவழுன்னு ஓடக்கூடாது, கொஞ்சம் முரண்டு பிடிக்கணும். வீட்ல இதெல்லாம் செஞ்சு பாக்கறது தலைவலி.

கடைசியில நான் செஞ்சது கோயில் முறை. கோயில்கள்ல உசரத்துல தொங்கற விளக்கை இறக்கறதைப் பாத்திருப்பீங்க, மேல கப்பி, சங்கிலி அது வழியா பக்கவாட்டுல சுவருக்கு வந்து ஒரு கொளுத்துல மாட்டியிருக்கும். அதேதான். சீலிங்ல ஒரு சின்ன பித்தளைக் கப்பி, சுவரோரமா இன்னொண்ணு, இடுப்பு உயரத்துல ரெண்டு கம்பிக் கொளுத்து. ஒண்ணு விளக்கு மேல இருக்கறப்போ மாட்டறதுக்கு, இன்னொண்ணு இறங்கியிருக்கறப்போ. சங்கிலி நுனியில கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு வளையம், அதைத்தான் கொளுத்துல போடறது, அதனால எண்ணெய்க் கைக்கும் வழுக்காது. அத்தை இப்ப நின்ன இடத்துலயே இறக்கறாங்க, ரெண்டு கையும் ஃப்ரீ, விளக்கு அவங்க நெஞ்சு உயரத்துக்கு வந்து நிக்குது. மொத்தச் செலவு விளக்கு விலையில பத்துல ஒரு பங்கு கூட ஆகல. இதைக் கடைக்காரங்களே விளக்கோட சேத்து ஒரு செட்டா குடுத்தா நூறு பேர் வாங்குவாங்க, ஏன்தான் தோணலையோ.

ஆனா இதைச் செய்யறவங்க ஒண்ணைக் கவனிக்கணும், கப்பி போட்டா சீலிங்ல விழற பாரம் விளக்கோட எடை மட்டும் இல்ல. சங்கிலி பக்கவாட்டுல படுக்கையா போச்சுன்னா கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு, நேரா கீழயே இறங்கிச்சுன்னா ரெண்டு மடங்கு. ரெண்டரை கிலோ விளக்கு அஞ்சு கிலோவா இழுக்கும். அதனால கான்கிரீட்ல துளை போட்டு ஆங்கர் போல்ட்தான், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்ல திருகாணி அடிச்சு மாட்டற வேலை எல்லாம் வேணாம், ஒருநாள் எரியற விளக்கோட மொத்தமா வந்துடும். சுடருக்கும் சீலிங்குக்கும் நடுவுல நான் மூணடிக்கு மேல விட்டிருக்கேன், அப்படியும் லேசா மங்கல் தெரியத்தான் செய்யுது. ஃபேனுக்கு நேரா கீழ மாட்டாதீங்கன்னு தனியா சொல்லணுமா என்ன.

சங்கிலி முறுக்கிக்கற விஷயமும் இருக்கு. தூக்கி இறக்கறப்போ விளக்கு தானா சுத்த ஆரம்பிக்குது, சுத்தினா எண்ணெய் தளும்புது. அன்னத்துக்கு மேல ஒரு சுழல் வளையம் வச்சிருந்தா சங்கிலி முறுக்கினாலும் விளக்கு அசையாது. நல்ல பழைய விளக்குகள்ல இது இருக்கு, காரைக்குடி பழம்பொருள் கடைப் பக்கம் போனா கையில எடுத்துச் சுத்திப் பாருங்க, எவ்வளவு நைசா ஓடுதுன்னு. எங்களோடதுல இல்ல, நான் தனியா வாங்கிச் சேத்தேன்.

எண்ணெய் கொள்ளளவு பரவாயில்ல, ஒரு முகம் மட்டும் ஏத்தினா ராத்திரி முழுக்க நிக்குது. அஞ்சையும் ஏத்தினா சாயங்காலத்துக்குள்ள ஊத்தணும். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுல ஒரு நந்தாவிளக்குக்குத் தினம் உழக்கு நெய், அதுக்கு 96 ஆடுன்னு எழுதி வச்சிருக்கான், அணையாம எரியணும்னா அவ்வளவு தீனி. சும்மா சும்மா ஊத்தற வேலையைக் குறைக்கணும்னு இலங்கையில தெதிகமவுல 12ம் நூற்றாண்டு யானை விளக்கு ஒண்ணு பண்ணியிருக்காங்க, அதுவும் சங்கிலியில தொங்கறதுதான். யானை வயித்துக்குள்ள எண்ணெய், கிண்ணத்துல மட்டம் குறைஞ்சா காத்து உள்ள போய் எண்ணெய் தானா இறங்கும், கோழிக்குத் தண்ணி வைக்கற டப்பா வேலை செய்யற மாதிரியேதான். யானை எந்த வழியா எண்ணெயை விடுதுன்னு போட்டோவை நீங்களே தேடிப் பாத்துக்கங்க, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு கூச்சமே கிடையாது.

சுத்தம் பண்றது: கிண்ணம் புளி போட்டுத் தேச்சா பளிச்னு ஆயிடுது, சங்கிலிதான் உயிரை வாங்குது. கண்ணிக்குள்ள எண்ணெயும் கரியும் சேந்து பிசுக்காயிடும். கொதிக்கற தண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் கொஞ்சம் விட்டு ஊறவச்சு, பழைய பல் பிரஷ்ஷால தேய்க்கறேன். லேக்கர் பூசின பளபளா விளக்கை வாங்காதீங்க, சுடர் பக்கத்துல அது பழுப்பாகி அசிங்கமாயிடும்.

விலை, எடை போட்டுத்தான் குடுத்தாங்க, நாலாயிரத்துச் சொச்சம் ஆச்சு. பித்தளைக்கு அது நியாயம். கிண்ணத்துக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், சங்கிலிக்கும் கொக்கிக்கும் ஒண்ணரை. கடையிலயே தண்ணி நிரப்பி கொஞ்ச நேரம் காகிதத்து மேல வச்சுப் பாருங்க, வார்ப்புல பொடி ஓட்டை இருந்தா தெரிஞ்சுடும். அப்புறம் வீட்ல யார் எண்ணெய் ஊத்தப்போறாங்களோ அவங்களையே கூட்டிட்டுப் போய், விளக்கைத் தொங்கவிடச் சொல்லி ஒரு தடவை ஏத்தி இறக்கச் சொல்லுங்க. அந்த ரம்பப் பல்லுப் பட்டையை நம்ம ஊர்ல யாராவது பித்தளையில வெட்டித் தர்றாங்கன்னா கீழ சொல்லுங்க, நான் வாங்கிக்கறேன்.